பெயர் இழந்த முந்திரிகை

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே பந்தலேறிக் குலை குலையாகத் தொங்கும் முந்திரிகைப் பழத்தை ஈழத்து மக்கள் நன்கு அறிவர். திராட்சை என்றும் கொடிமுந்திரிகை என்றும் வழங்குவது அதுவே. அஃது உண்பதற்கென வளர்க்கப்படும் பழமாதலின், மணி பருத்திருத்தலும் சாறு நிறைந்திருத்தலும் அதற்கு அழகு. மது ஆக்குவதற்கென வளர்க்கப்படும் பழத்தின் இயல்பு வேறு. அதன் மணி சிறியது, தோல் தடித்தது, இனிப்போ உண்ணும் பழத்தினும் மிகுந்தது. செம்மதுவின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்தே இறங்குவன. ஆகவே, சதை சுருங்கித் தோல் மிகுந்திருப்பதை அத்தோட்டக்காரர் குறையாகக் கருதுவதில்லை.

மது அருந்துதல் நன்றோ தீதோ என்னும் வழக்கு ஈண்டு வேண்டுவதில்லை. ஒரு பயிர் தன் நாட்டை இழந்து, பின் தன் பெயரையும் இழந்து, கடல் கடந்த மண்ணிலே வேறொன்றின் பெயரால் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த வரலாறு, உழவிலே நாட்டமுடைய எவரும் கேட்கத் தக்கது. அப்பயிரின் பெயர் கார்மெனேர். அது பிறந்த நாடு பிரான்சு. அடைக்கலம் புகுந்த நாடு தென்னமெரிக்காவிலுள்ள சிலி.

முந்திரிகையின் விதையை இட்டு முளைப்பிக்கும் கன்று தாய்க்கொடியை ஒத்திராது. ஆதலால், தண்டை நறுக்கி நட்டே வகையைக் காப்பாற்றுவர். கறுத்தக்கொழும்பான் மாவை விரும்புவோர் கொட்டையை நம்பாது ஒட்டுக்கன்று தேடுவதும் இதனை ஒத்ததே. இன்று கலிபோர்ணியாவில் நிற்கும் கபெர்னே சோவிஞோன் கொடியும், அவுஸ்திரேலியாவில் நிற்கும் அவ்வகைக் கொடியும், முன்னொரு காலத்திலே பிரான்சின் தென்மேற்கில் தானாக முளைத்த ஒரே கொடியின் துண்டுகள் எனலாம். அக்கொடிக்குப் பெற்றோர் கபெர்னே பிராங், சோவிஞோன் பிளாங் என்னும் இரண்டே என்பதை 1997இல் கலிபோர்ணியப் பல்கலைக்கழக ஆய்வாளர் மரபணுச் சோதனையால் நிறுவினர். கரும்பழக் கொடியொன்றுக்கு வெண்பழக் கொடி பெற்றோராதல் கேட்டு வியந்தோர் பலர்.

கொடி ஒன்றேயாயினும், மண்ணும் வெயிலும் யாண்டும் ஒன்றல்ல. சேர்மனியின் மோசல் ஆற்றங்கரையிலே, மனிதர் ஏறி நிற்பதற்கும் அரிதான செங்குத்துச் சரிவுகளில் ரீஸ்லிங் என்னும் வெண்பழ வகை விளைகின்றது. அங்குள்ள பலகைக்கல் பகல் வெயிலை உண்டு இரவிலே வெப்பத்தை உமிழ்வதால், குளிர்நாட்டிலும் பழம் முதிர்கின்றது. பிரான்சின் பேர்கண்டிப் பகுதியிலுள்ள சுண்ணாம்புச் சரிவுகள் பினோ நுவார் என்னும் மென்மையான கரும்பழ வகைக்குப் பேர் போனவை. 1395இல் அந்நாட்டுக் கோமகனாகிய பிலிப்பு, மிகுதியாகக் காய்க்கும் கமே என்னும் வகையைத் தீய கொடியென்று பழித்துப் பிடுங்கியெறியுமாறு ஆணையிட்டான். துரத்தப்பட்ட கமேயோ, தெற்கேயுள்ள பொசொலே என்னும் இடத்துக் கருங்கல் மண்ணிலே செழித்து, இன்றுவரை அவ்வூருக்குப் புகழ் தேடிக் கொடுத்து வருகின்றது. அரசாணையிலும் மண்ணின் ஆணை பெரிது போலும்.

அத்திலாந்திக் கடலை அடுத்த பொர்தோப் பகுதியின் வழக்கம் சிறிது வேறுபட்டது. அங்கே மழை எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. ஆதலால், ஒரே வகையை நம்பியிராது பல வகைகளை நட்டு, அவற்றின் மதுவைக் கலப்பர். ஆற்றின் இடக்கரையிலுள்ள பரல்மண்ணிலே பிந்தி முதிரும் கபெர்னே சோவிஞோன். வலக்கரையிலுள்ள களிமண்ணிலே முந்தி முதிரும் மெர்லோ. ஒன்று கெட்டால் மற்றொன்று காக்கும். இவற்றோடு மல்பெக், பெத்தி வெர்தோ, கபெர்னே பிராங் என்பனவும், மிகப் பிந்தி முதிரும் கார்மெனேரும் அங்கு பயிராயின. கார்மெனேரின் இலை கூதிர்காலத்திலே குருதிச் சிவப்பாக மாறும். அந்நிறம் பற்றியே அதற்கு அப்பெயர் வந்தது என்பர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே சிலி நாட்டுச் செல்வர் பிரெஞ்சு நாகரிகத்தில் மோகங் கொண்டிருந்தனர். 1851இல் சில்வெஸ்திரே ஒச்சகாவியா என்பார் பொர்தோக் கொடிகளைத் தருவித்துத் தம் நாட்டில் நட்டார். பிறரும் அவரைப் பின்பற்றினர். 1853இல் அந்தீசு மலைக்கு அப்பால், ஆர்சென்தீனாவின் மெந்தோசா நகரிலே, மிசேல் புசே என்னும் பிரெஞ்சு வேளாண் அறிஞர் மல்பெக்கை அறிமுகஞ் செய்தார். அன்று இவை செல்வரின் பொழுதுபோக்காகவே தோன்றின. தாய்நாட்டிலே பேரழிவு நெருங்கிக் கொண்டிருந்தமையை அறிந்தவர் ஒருவருமிலர்.

1860களிலே தென்பிரான்சின் தோட்டங்களிற் கொடிகள் காரணமின்றி வாடின. பிடுங்கிப் பார்த்தபோது வேர் அழுகியிருந்தது. பூச்சி எதுவும் தென்படவில்லை. 1868இல் மொம்பெலியே நகரத்துப் பேராசிரியர் பிளாஞ்சோன், பட்ட கொடியை விடுத்து, அதன் அயலில் நின்ற பச்சைக் கொடியின் வேரைக் கிளறினார். அங்கே மஞ்சள் நிறமான நுண்ணிய பூச்சிகள் மொய்த்திருந்தன. கொடி பட்டதும் அவை அடுத்த வேருக்கு நகர்ந்துவிடுதலாலேயே முன்னர் எவர் கண்ணிலும் படவில்லை. பிலொக்செரா எனப் பெயர் பெற்ற அப்பூச்சி வட அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்கிருந்து கொணர்ந்த கொடிகளின் வேரிலே மறைந்து வந்தது. பாய்க்கப்பல் ஓடிய காலத்திலே நெடும்பயணத்தில் அது மடிந்திருக்கக்கூடும். நீராவிக் கப்பல் பயணத்தைச் சுருக்கியமை அதற்கு வாய்ப்பாயிற்று.

1875இல் பிரான்சு ஆக்கிய மது 8 கோடி 45 இலட்சம் எக்டோலீற்றர். 1889இல் அது 2 கோடி 34 இலட்சமாகச் சுருங்கிற்று. கிராமங்கள் வெறிச்சோடின. மருந்து கண்டுபிடிப்போருக்கு 3 இலட்சம் பிராங்கு பரிசு தருவதாக அரசு அறிவித்தது. மண்ணுள் நச்சு நீர் செலுத்தினர். தோட்டத்தை நீரில் அமிழ்த்தினர். உயிருள்ள தேரையைக் கொடியடியிற் புதைத்தோரும் உண்டு. ஈற்றில் வழி பிறந்தது, பகை வந்த திசையிலிருந்தே. அமெரிக்கக் காட்டுக்கொடிகள் அப்பூச்சியோடு நெடுங்காலம் பழகியவை. அவற்றின் வேர் அதன் கடியைத் தாங்கும். எனவே அமெரிக்க வேரை ஒட்டுக்கட்டையாக வைத்து, அதன்மேல் ஐரோப்பியக் கிளையை ஒட்டினர். சுண்ணாம்பு மண்ணுக்கேற்ற வேர்களைத் தெக்சாசு மாநிலத்து மன்சன் என்பார் காட்டிக் கொடுத்தார். அதற்காக 1888இல் பிரெஞ்சு அரசு அவரைச் சிறப்பித்தது. பரிசுப்பணமோ எவருக்கும் வழங்கப்படவில்லை. ஒட்டுதல் நோயை மாற்றவில்லை, அதனோடு வாழவே வழி செய்தது என்பது அரசின் வாதம்.

அழிந்த தோட்டங்களை மீண்டும் நட்டபோது, ஒவ்வொரு கொடிக்கும் ஒட்டுக்கட்டை வாங்க வேண்டியிருந்தது. கடன்பட்டு நடும் உழவன் எதனைத் தெரிவான்? குளிர்ந்த மழைக்காலத்திலே பூவுதிர்ந்து பிஞ்சு பிடிக்காததும், மிகப் பிந்தி முதிர்வதுமாகிய கார்மெனேரைத் தெரிய அவனுக்குத் துணிவில்லை. மெர்லோ முதலியன அதன் இடத்தைப் பிடித்தன. சில தலைமுறைகளுள் பொர்தோவில் அப்பெயரை நூல்களிற் காணலாமேயன்றித் தோட்டத்திற் காணல் அரிதாயிற்று.

சிலியின் நிலை முற்றும் வேறு. கிழக்கே அந்தீசு மலை, மேற்கே பசிபிக் சமுத்திரம், வடக்கே அற்றகாமாப் பாலைவனம். இவ்வரண்களைக் கடந்து பிலொக்செரா அங்கு காலூன்றவில்லை. கொடிகள் தம் சொந்த வேரிலேயே நின்றன. ஆயின், மெர்லோவும் கார்மெனேரும் ஒரே நிரையிற் கலந்து நின்றமையால், இரண்டையும் மெர்லோ என்றே அழைத்தனர். கார்மெனேர் மெர்லோவுக்கு மூன்று நான்கு கிழமை பிந்தியே முதிரும். இரண்டையும் ஒருநாளிற் பறித்தபடியால், மதுவிலே பச்சை மிளகாய் போன்ற ஒரு காரமணம் ஏறிற்று. வாங்கியவர்கள் அது சிலி மெர்லோவின் தனிக்குணம் என எண்ணிக்கொண்டனர்.

1994 நவம்பரிலே, மொம்பெலியேயைச் சேர்ந்த சான் மிசேல் பூர்சிகோ என்னும் கொடிவகை அறிஞர், மாநாடொன்றுக்காகச் சிலி சென்றிருந்தார். தென்னரைக்கோளத்தில் அது பூக்கும் பருவம். மைப்போப் பள்ளத்தாக்கிலுள்ள கார்மன் தோட்டத்திலே ஒரு நிரையின் முன் அவர் நின்றார். பூவின் மகரந்தத் தாள்கள் முறுகியிருந்தன. மெர்லோவுக்கு அவ்வியல்பு இல்லை. அது கார்மெனேர் என அவர் அவ்விடத்திலேயே கூறினார். சிலி நாட்டார் அதனைக் கேட்டு மகிழ்ந்தனர் என்று கருதுதல் தவறு. மெர்லோ என்று எழுதிப் பல நாடுகளுக்கு விற்ற மதுவின் கதி என்ன? எவரும் கேள்விப்படாத பெயரைப் போத்தலில் எழுதினால் வாங்குவார் யார்? அரசு அவ்வகையைப் பதிவேட்டில் ஏற்றுக்கொள்ள 1998ஆம் ஆண்டாயிற்று.

அதன்பின் உழவர் நிரை நிரையாக நடந்து கொடிகளைப் பிரித்து அடையாளமிட்டனர். இளந்தளிரின் அடிப்புறம் செம்மை படர்ந்திருந்தால் கார்மெனேர், வெளுத்திருந்தால் மெர்லோ. கூதிர்காலத்துச் சிவப்பும் உதவிற்று. பிந்தி முதிர்வதைப் பிந்தியே பறித்தபோது, அந்தக் காரமணம் தணிந்து பழமணம் மேலெழுந்தது. பொர்தோவில் எதனால் தள்ளுண்டதோ அதுவே, மழையற்ற நீண்ட இலையுதிர்பருவமுடைய சிலியில் ஒரு குறையாகவே இருக்கவில்லை. இன்று அந்நாட்டின் தனிச்சிறப்பான வகை அதுவே.

பெயர் மாறிய கொடி இஃதொன்று மட்டுமன்று. வடகிழக்கு இத்தாலியில் கபெர்னே பிராங் என்று நின்றவற்றுட் பல கார்மெனேரே. சீனாவில் கபெர்னே கெர்னிஷ்ட் என வழங்கியதும் அதுவே என மரபணுச் சோதனை காட்டிற்று. கலிபோர்ணியர் தமக்கே உரியதென்று கொண்டாடிய சின்பண்டெல், குரோவாசியாவின் கடற்கரையூர் ஒன்றிலே வேறு பெயருடன் நின்ற கொடியே என்பது 2001இல் தெளிவாயிற்று.

இப்போது பொர்தோவிலும் கோடை கடுமையாகின்றது. மெர்லோ வேண்டிய காலத்துக்கு முன்னரே முதிர்ந்து, மதுவின் வலு மிகுகின்றது. 2021இல் பிரெஞ்சு அதிகாரிகள், வெப்பந் தாங்கும் ஆறு புதிய வகைகளை, தோட்டத்தின் 5 வீதத்துக்கு மேற்படாமல் நடுவதற்கு இசைந்தனர். போர்த்துக்கலின் தூரிகா நசியொனால் அவற்றுளொன்று. கார்மெனேருக்குப் புதிய அனுமதி வேண்டியிருக்கவில்லை. பொர்தோவின் பட்டியலிலிருந்து அதன் பெயரை எவரும் ஒருபோதும் நீக்கவில்லை. பிந்தி முதிர்வதென்று அன்று கைவிடப்பட்ட அக்கொடியை, இன்று சில தோட்டக்காரர் சிறு சிறு பாத்திகளில் மீண்டும் நட்டு வருகின்றனர்.