கரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

கென்யாவின் நகுரு மாவட்டத்தில் உள்ளது சோலாய். 2018 மே 9 இரவு, தொடர்மழையில் அங்கிருந்த தனியார் பண்ணையின் மண் அணை உடைந்தது. பாசனத்துக்காகத் தேக்கிய தண்ணீர் கீழேயிருந்த குடியிருப்புகளை அடித்துச் சென்றது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இப்படிப்பட்ட அணையின் அபாயத்தை எப்படி அளப்பது? அமெரிக்காவில் குறைந்த அபாயம், கணிசமான அபாயம், அதிக அபாயம் என மூன்று வகை உண்டு. கரையின் பலம் இதில் கணக்கில்லை. உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதே கணக்கு. உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்றால், உறுதியான அணையும் அதிக அபாய வகைதான். கீழே வயல் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டால், அதே அணையின் வகையும் மாறிவிடும்.

இந்தியாவின் 2021-ம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ள அணைகளுக்கும்தான் பொருந்தும். அதைவிடச் சிறியதாக, தோட்டத்தில் கரை எழுப்பித் தண்ணீர் தேக்கியிருந்தால், உரிமையாளரின் கண்தான் காவல்.

மழைக்கு முன் கரை முழுவதும் நடந்து பாருங்கள். கலிங்கில் அடைப்பு இருந்தால் நீக்குங்கள். கரையில் மரம் வளர விடாதீர்கள். எலி வளைகளைத் தோண்டி, களிமண் இட்டுக் கெட்டியுங்கள். கசிவுநீர் கலங்கலாக வந்தால், உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். உடனே நீர்மட்டத்தைக் குறையுங்கள். கீழே குடியிருப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.