நரி வாயில் களஞ்சியச் சாவி

ஜப்பானின் கியோட்டோ நகரில், இனாரி ரயிலடியில் இறங்கினால் எதிரிலேயே ஃபுஷிமி இனாரி கோயில். வாசலில் இரண்டு நரிச் சிலைகள். ஒன்றின் வாயில் சாவி. "நரிக்கு எதுக்குங்க சாவி?" என்று கேட்டேன். "நெல் களஞ்சியத்தோட சாவி" என்றார் உடன் வந்த நண்பர்.

நரி சாமி இல்லை, சாமியின் தூதர். சாமி பெயர் இனாரி. 'இனே' என்றால் நெல். வயல் எலியைத் தின்கிற நரியை உழவர்கள் மதித்ததில் வியப்பில்லைதானே?

கோயில் தொடங்கியது கி.பி. 711 என்பது மரபு. தலக்கதை இது: ஹாத்தா குலத்து இரோகுவிடம் நெல் குவிந்து கிடந்தது. அந்தச் செருக்கில், அரிசியை இடித்துச் செய்த மோச்சியைக் குறியாக வைத்து அம்பு விட்டார். மோச்சி வெள்ளைப் பறவையாகி மலை உச்சிக்குப் பறந்துபோச்சு. அது இறங்கிய இடத்தில் நெல் விளைந்தது.

233 மீட்டர் உயர மலை முழுக்கச் செந்நிற வாயில்கள், ஆயிரக்கணக்கில். இறங்கி வரும்போதுதான் அவற்றின் பின்புறத்தில் கொடுத்தவர் பெயர் தெரியுது. பெரும்பாலும் வணிக நிறுவனங்கள். நெல் சாமி நாளடைவில் வியாபார சாமியும் ஆயிட்டார்.

ஆனாலும் கோயிலுக்குள் ஒரு சின்ன வயல் இருக்கு. ஏப்ரல் 12 விதைப்பு, ஜூன் 10 நடவு, அக்டோபர் 25 அறுப்பு. எல்லாம் சடங்காக, கையாலேயே நடக்கிறது. விளைந்த நெல் சாமிக்கே படையல்.

வெளியே நிலைமை வேறு. 1970 வாக்கில் தொடங்கி 2018 வரை, நெல் பரப்பைக் குறைக்கச் சொல்லி உழவர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. உழவையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது 2020 கணக்கெடுப்பில் 67-ஐத் தாண்டிவிட்டது. 2023-இல் வெயிலால் நெல்லின் தரம் கெட்டது. 2024 கோடையில் கடைகளில் அரிசித் தட்டு காலி. விலையும் ஏறிப்போச்சு.

இரோகுவின் அம்பு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மிதமிஞ்சிக் கிடக்கும்போது நெல்லை அலட்சியம் செய்தால் அது பறந்துபோகும் என்று 1300 ஆண்டுக்கு முன்பே ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சாவி நரியிடம் பத்திரமாக இருக்கு. களஞ்சியத்தை நிரப்ப, சேற்றில் இறங்கும் கால்கள்தான் வேணும்.