உங்களுக்குத் தெரியுமா? லத்தீனில் அரசமரம் பெண்பால்!

அரசமரத்தின் அறிவியல் பெயர் ஃபைகஸ் ரெலிஜியோசா. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வெளியிட்டது. லத்தீனில் ‘அஸ்’ என முடியும் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் ஆண்பால். பெயரின் பாலையே அடைமொழியும் ஏற்கும் என்பதால் ‘ரெலிஜியோசஸ்’ என்றல்லவா வரவேண்டும்? இங்கேதான் ரோமானியர்களின் அழகான இலக்கண மரபு குறுக்கிடுகிறது: மரப்பெயர்களைப் பெரும்பாலும் அவர்கள் பெண்பாலாகவே வழங்கினார்கள். வெள்ளை ஓக் மரம் குவெர்கஸ் ஆல்பா ஆனதும் அதனால்தான்.

இஞ்சியோ ஆண், பெண் இரண்டிலும் சேராத மூன்றாம் பால். எனவே அது ஜிஞ்ஜிபர் அஃபிசினாலே. பெண்பாலான சால்வியா மூலிகைக்கு அதே அடைமொழி ‘அஃபிசினாலிஸ்’. மருந்துச் சரக்கு வைத்த அறையான ‘அஃபிசினா’விலிருந்து பிறந்த சொல் அது. மருந்துக்குப் பயன்பட்ட செடி என்பதற்கான அடையாளம்.

தாவரப் பெயரிடலின் சர்வதேச விதிகள் குவெர்கஸ் போன்ற மரப்பெயர்களை இன்றும் பெண்பாலாகவே கொள்கின்றன.