வயிறு என்னும் ஒரு சொல்



நமது மருத்துவமனையின் புறநோயாளர் பகுதியில் அடிக்கடி காதில் விழும் சொல் "வயிறு". நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்களில் அநேகர், "வயிறு சரியில்லைங்க ஐயா" என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கும் காரியங்களைச் சற்றே சிந்திப்போம்.

மருத்துவருக்கு இரைப்பை வேறு, குடல் வேறு, கருப்பை வேறு. நம் பேச்சிலோ நெஞ்சுக்குக் கீழே இடுப்பு வரை எல்லாம் வயிறுதான். ஆகவேதான், "மேல்வயிறா, அடிவயிறா?" என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். மேல்வயிற்று வலியை வாயு என்று எண்ணி, சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மாரடைப்பும் சிலருக்கு, விசேஷமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, இப்படியே தொடங்கக்கூடும். வலியோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது.

இனி, உறுப்பைத் தாண்டிய வயிறு ஒன்று உண்டு. "வயிற்றுப்பாட்டுக்குப் பூப்பறிக்கப் போகிறேன்" என்றால் அது பிழைப்பு. கூலியைப் பிடித்துக்கொள்வது வயிற்றில் அடிப்பது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கிறோம். கர்ப்பவதியை "வாயும் வயிறுமாக இருக்கிறாள்" என்கிறோம். பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நல்ல செய்தி வயிற்றில் பால் வார்க்கிறது. பொறாமையும் வயிற்றெரிச்சல், பிள்ளையை இழந்த தாயின் துக்கமும் வயிற்றெரிச்சல்.

இங்கேதான் கவனம் தேவை. ஒரு தாயார், "வயிறு எரியுதுங்க" என்று வந்து வார்டில் சேர்ந்திருந்தார்கள். மருந்து கொடுத்தும் அதையே சொன்னார்கள். "எப்போதிலிருந்து அம்மா?" என்று கேட்டபோது, "என் மகன் போனதிலிருந்து" என்றார்கள். ஆனால் துக்கம்தான் காரணம் என்று மருத்துவர் விட்டுவிடவில்லை. குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண்ணும் இருந்தது. கவலையினால்தான் அல்சர் வருகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒரு கிருமி அல்லது வலி மாத்திரைகள். அந்தக் கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. புண்ணுக்கு மாத்திரை வேண்டும். மகனைப் பற்றிப் பேச ஒரு செவி வேண்டும். அந்தத் தாயாருக்கு இரண்டும் தேவையாயிருந்தன.

வேதத்தின் மூலமொழிகளிலும் இப்படியே காண்கிறோம். எபிரெயத்தில் "பெத்தென்" என்ற சொல் வயிற்றையும் குறிக்கும், கர்ப்பத்தையும் குறிக்கும். ஆங்கிலேயரின் "ஸ்டமக்" கிரேக்க "ஸ்டொமாகோஸ்" என்பதிலிருந்து வந்தது. அதற்கு மூலமான "ஸ்டோமா" என்றால் வாய். புதிய ஏற்பாட்டில் அச்சொல் ஒரேயொரு முறை, தீமோத்தேயுவின் வயிற்றைக் குறித்துப் பவுல் அக்கறையோடு எழுதும் இடத்தில் வருகிறது. ஜனங்களைக் கண்டு இயேசு மனதுருகினார் என்று நாம் வாசிக்குமிடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லோ, குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. பெற்ற வயிறு துடிப்பதை அறிந்த தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

பிரியமானவர்களே, நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது ஒருவர் "வயிறு" என்று சொன்னால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "எந்த இடத்தில்?" "எப்போதிலிருந்து?" முதல் கேள்வியின் பதிலை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டாவதின் பதிலைக் கேட்க, நாற்காலியை இழுத்துப் போட்டுச் சற்று உட்காருங்கள்.