தேறினால் மட்டும் போதாது!

பொழுது இன்னும் நன்றாகப் புலரவில்லை. கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலே அடுப்பு புகைகிறது. தாய் கொழுந்து பறிக்கக் கிளம்புகிறாள். மகள் கல்லூரிக்குக் கிளம்புகிறாள்.

இருவருக்கும் அன்றைக்கு ஒரு கணக்கு உண்டு. தாயின் கணக்கு தராசிலே தெரிந்துவிடும். எத்தனை கிலோ கொழுந்து என்று மாலைக்குள் சொல்லிவிடுவார்கள். மகளின் கணக்கோ கல்லூரியின் வருகைப் பதிவேட்டிலே ஓசையில்லாமல் ஏறுகிறது. அல்லது ஏறாமல் போகிறது. அது பலருக்குத் தெரிய வருவது ஆண்டு முடிவிலேதான். அப்போது தெரிந்து என்ன பயன்?

உபகாரச் சம்பளம் பெற்றுப் படிக்கும் மலைநாட்டுப் பிள்ளைகளின் கவலை இதுதான். ஒரு தடவை கிடைத்துவிட்டால் படிப்பு முடியும்வரை தானாக வந்துகொண்டிருக்கும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஆண்டுதோறும் அதை மறுபடி சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

கல் பங்களாவில் கல்லூரி

நீலகிரியில் கல்லூரிப் படிப்பு எட்டாக் கனியாக இருந்த காலம் உண்டு. உதகையிலே கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இருக்கிறதல்லவா? அந்த வளாகத்தில்தான் அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. கல்லூரி பிறந்தது 1955-ல்.

1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களில் பலர் இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வாழ்வளிக்க அரசு 1968-ல் தேயிலைத் தோட்டங்கள் போடத் தொடங்கியது. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரி வாசலை மிதிக்கிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள் பலர். வழி சொல்ல அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை.

கிடைப்பது என்ன?

தாழ்த்தப்பட்டோருக்கான மேற்படிப்பு உபகாரச் சம்பளம் 1944-ல் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1942-ல், டாக்டர் அம்பேத்கர் தம் மக்களின் கல்விக்கு அரசு பொருளுதவி செய்ய வேண்டும் என்று வைஸ்ராயிடம் மனுக் கொடுத்திருந்தார். 2021-ல் திருத்திய விதிகளின்படி, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்ச ரூபாய்க்கு மேற்படக் கூடாது. சாதாரணப் பட்டப் படிப்புக்குக் கட்டணம் போக, விடுதியில் தங்குவோருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். வீட்டிலிருந்து வருவோருக்கு 3,000 ரூபாய்.

பிளஸ் டூவில் நல்ல மார்க்கு வாங்கியவர்களுக்கு மத்திய அரசு 2008-ல் தொடங்கிய திட்டம் வேறு. நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 புதிய மாணவர்களுக்கு என்று அது ஏற்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது.

மாதம் 1,000 ரூபாய் பெரிய தொகையா என்று நகரத்தார் கேட்கலாம். பஸ் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் ஒரு கம்பளிச் சட்டையும் அதில்தான் வர வேண்டும் என்றிருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள்!

40-க்கும் 50-க்கும் நடுவே

கலைக் கல்லூரிப் பரீட்சையில் பொதுவாக நூற்றுக்கு 40 வாங்கினால் தேர்ச்சி. 45 வாங்கிய பெண் தேறிவிட்டோம் என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவாள். ஆனால் மேலே சொன்ன 2008-ம் ஆண்டுத் திட்டத்தில் அடுத்த ஆண்டும் பணம் வர வேண்டுமானால் 50 சதவீதம் வேண்டும். 75 சதவீத வருகையும் வேண்டும். அந்தப் பெண் பரீட்சையில் தேறினாள். உபகாரச் சம்பளத்தில் தவறினாள்!

தாழ்த்தப்பட்டோருக்கான திட்டத்தில் 50 மார்க்கு என்ற கட்டாயம் இல்லை. அடுத்த வகுப்புக்குப் போக வேண்டும். வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு பாடங்களில் அரியர் விழுந்தால் எழுதித் தீர்த்துக்கொள்ளலாம். போன நாட்களைத் தீர்த்துக்கொள்ள முடியுமா?

இருபத்திரண்டே நாட்கள்

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதத்துக்கு 68 நாட்கள் வந்தாக வேண்டும். கையிருப்பு 22 நாட்கள்தான். அம்மாவுக்குக் காய்ச்சல், 4 நாள். சித்தி மகள் கல்யாணம், 3 நாள். ஊர்த் திருவிழா, 3 நாள். மழையில் வழி அடைபட்டது, 6 நாள். பதினாறு போயிற்று. பச்சைத் தேயிலை வரத்து மிகுந்த வாரத்தில் கூலி வேலைக்குப் போனது 6 நாள். கையிருப்பு தீர்ந்தது. இனி ஒரு நாள் பல்வலி வந்தாலும் ஆபத்து.

மழை இந்த மலையில் சாமானியமல்ல. 2009 நவம்பரில் நிலச்சரிவு நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. கலெக்டர் விடுமுறை விட்டால் கவலையில்லை. அது வேலை நாளே ஆகாது. ஆனால் உதகையில் வெயிலடித்துக் கல்லூரி நடக்கும்போது, எங்கோ ஒரு தோட்டத்துப் பாதையில் மட்டும் மரம் விழுந்து பஸ் நின்றுபோனால்? அது மாணவியின் கணக்கில்தான் விழும்.

வருகை சற்றுக் குறைந்தால் கட்டணம் கட்டி விலக்குப் பெறும் வழி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அது பரீட்சை எழுதத்தான். உபகாரச் சம்பளத்தின் விதி தனி.

அமெரிக்காவிலும் உண்டு

பணக்கார நாடான அமெரிக்காவிலும் இந்தக் கண்டிப்பு இருக்கிறது. அங்கே அரசு உதவி பெறும் மாணவன் மார்க்கிலும் வேகத்திலும் முன்னேற்றம் காட்ட வேண்டும். நான்கு ஆண்டுப் படிப்பை ஆறு ஆண்டுக்குமேல் இழுத்தால் உதவி நின்றுவிடும். ஆனால் உதவி நின்றவனுக்கு முறையீட்டுக்கு இடம் தருவதும் அங்கே வழக்கம். நோயோ, வீட்டில் சாவோ நேர்ந்திருந்தால் அதைச் சொல்லி மனுச் செய்யலாம்.

நம் நாட்டிலும் அந்த இரக்கம் இல்லாமலில்லை. நோயாலோ எதிர்பாராத சம்பவத்தாலோ ஆண்டுப் பரீட்சை எழுத முடியாதவர், டாக்டர் சர்டிபிகேட் முதலிய சான்றுகளைக் கல்லூரி முதல்வரிடம் கொடுத்து உதவியைத் தொடரக் கோரலாம் என்று 2010-ம் ஆண்டு விதிகள் சொல்லின. ஆகவே சான்று முக்கியம். கேட்க வேண்டியது உடனே. ஆண்டு கழிந்த பிறகல்ல.

செய்ய வேண்டியவை

மாதம் ஒரு முறை வருகைக் கணக்கைத் துறை ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வழி அடைபட்ட நாளன்றே கல்லூரிக்குத் தகவல் சொல்லி, மறுநாள் எழுத்தில் கொடுங்கள். உங்கள் திட்டத்துக்கு எத்தனை மார்க்கு என்பதைச் சேர்ந்த நாளிலேயே விசாரியுங்கள். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள்; மலையில் மழை வந்தால் இணையமும் நின்றுபோகும். பாங்கிக் கணக்கு உயிரோடிருக்கிறதா, ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாடப் பிரிவை மாற்றுவதானால் முதலில் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கொழுந்து மிகுந்த வாரத்தில் மகள் கூட வந்தால் கூலி கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். அந்த ஆறு நாள் கூலியையும் ஓராண்டு உபகாரச் சம்பளத்தையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள்.

மாலையில் பனி இறங்குகிறது. தாய் தோட்டத்திலிருந்து திரும்புகிறாள். மகளும் பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். "இன்றைக்கு எத்தனை கிலோ?" என்று மகள் கேட்பது வழக்கம். இனிமேல் தாயும் கேட்கட்டும்: "இதுவரை எத்தனை நாள், கண்ணு?"