கடைசி யூனிட்டின் விலை

விலைவாசி ஏறும் காலத்தில் இல்லறத்தார் முதலில் செய்வது குறைப்படுவது. அடுத்துச் செய்வது சிக்கனம். கணக்குப் பார்ப்பதோ பெரும்பாலும் கடைசியில்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்திய நானும் இதற்கு விலக்கல்லன் என்பதை ஒப்புக்கொண்டே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் பேரக் குழந்தைகள் எங்களோடு தங்கியிருந்தனர். அவர்களுக்காக ஓர் அறையில் குளிர்சாதனக் கருவி ஓடிற்று. அந்த இரண்டு மாதத்திற்கு நாங்கள் செலவிட்ட மின்சாரம் 504 யூனிட். கட்டணம் 1,982 ரூபாய். அடுத்த வீட்டு நண்பரோ 498 யூனிட்டுக்கு 1,713 ரூபாய்தான் கட்டியிருந்தார். ஆறு யூனிட்டுக்கு 269 ரூபாயா? தவறு நேர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டி, சீட்டோடு மின் அலுவலகத்திற்குப் புறப்பட்டேன். அங்கிருந்த இளைஞர் ஒரு தாளை எடுத்து நான்கு வரிகளில் கணக்கைப் போட்டுக் காட்டினார். தவறு என்னுடையதே.

அவர் காட்டிய கணக்கு இது. தமிழ்நாட்டில் வீடுகளின் மின் அளவு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்னும் சலுகை 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, மொத்தச் செலவு 500 யூனிட்டுக்குள் அடங்கினால், இரண்டாம் நூறு யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. ஐந்தாம் நூறுக்கு 6 ரூபாய். ஆகக் கூடி, 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்.

மொத்தம் 500ஐத் தாண்டினாலோ, 2 ரூபாய் 25 காசு என்னும் படியே மறைந்துவிடும். 101 முதல் 400 வரை முழுவதற்கும் 4 ரூபாய் 50 காசு. அதன்பின் நூறு யூனிட்டுக்கு 6 ரூபாய். 501 முதல் 600 வரை 8 ரூபாய். ஆகவே 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய் ஆகும். அந்த 501ஆவது யூனிட்டின் விலை எட்டு ரூபாய் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் விலை 233 ரூபாய்! மேலே ஒரு படி ஏறியவுடன், ஏற்கெனவே ஏறி வந்த படிக்கும் மீண்டும் கூலி கேட்பது போன்றது இது.

பின்னர் 2024ஆம் ஆண்டு ஜூலையிலும் விகிதம் உயர்ந்தது. ஆதலால் நேயர்கள் அவ்வப்போது வெளியாகும் விகிதப் பட்டியலை வைத்தே கணக்கிட வேண்டும். நான் சொல்ல வருவது தொகையை அன்று, கணக்கிடும் முறையை.

இங்கிலாந்து போன்ற நாடுகளில், குறித்த காலம் வரை மாறாத விலை, அவ்வப்போது மாறும் விலை என்னும் இரண்டில் ஒன்றை வீட்டார் தேர்ந்தெடுக்கலாம். நமக்கு அத்தகைய உரிமை இல்லையே என்பர் சிலர். உண்மைதான். ஆயினும் எந்தப் படியில் நிற்பது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கும் உண்டு. அதன் பயனைப் பாருங்கள். வெந்நீர் போடும் 2,000 வாட் கருவி அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டை உண்ணும். நாள்தோறும் அந்த அரை மணியைக் குறைத்தால் அறுபது நாளில் 60 யூனிட் மிச்சம். 2022ஆம் ஆண்டு விகிதப்படி, 300 யூனிட் செலவிடும் வீட்டிற்கு அதனால் மிஞ்சுவது 270 ரூபாய். 560 யூனிட் செலவிடும் வீட்டிற்கோ 705 ரூபாய்! சிக்கனம் ஒன்றுதான், அது செய்யப்படும் இடம் வேறு.

இதற்கு வேண்டிய கருவி ஒரு குறிப்பேடும் பென்சிலுமே. 500ஐ 60 நாளால் வகுத்தால், நாளொன்றுக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று அதிகம். அளவெடுத்த நாளன்று மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் மீண்டும் பாருங்கள். முப்பதாம் நாளில் 250ஐத் தாண்டியிருந்தால், திருத்திக்கொள்ள இன்னும் முப்பது நாள் இருக்கிறது. சீட்டு வந்தபின் திருத்த ஏதுமில்லை.

எதைக் குறைப்பது என்பதையும் அறிந்து குறைக்க வேண்டும். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு நூறு மணி நேரத்திற்கு மேல் எரிந்தால்தான் ஒரு யூனிட் ஆகும். அதை அணைக்க மறந்த பேரனை நான் கடிந்துகொண்டேன். 1,500 வாட் குளிர்சாதனக் கருவியை மறந்துவிட்டேன். இன்னொன்றும் நிகழ்ந்தது. அந்தச் சீட்டைப் பார்த்த நாள் முதல் என் மனைவி தம் அறை மின்விசிறியை நிறுத்திவிட்டு, புழுக்கத்திலேயே படுத்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது ஒரு வாரம் கழித்து. எழுபத்தைந்து வாட் விசிறி இரவில் எட்டு மணி நேரம் சுழன்றால் ஆகும் செலவு அரை யூனிட்டுக்குச் சற்றே மேல். குளிர்சாதனக் கருவியை அரை மணி முன்னதாக நிறுத்தியிருந்தால் அது ஈடாகியிருக்கும். கணக்கு அறியாத சிக்கனம், வீட்டில் வாய் திறந்து கேளாதவர் தலையில்தான் முதலில் விழுகிறது.

இப்போது எங்கள் வீட்டுக் குறிப்பேட்டை என் மனைவிதான் எழுதி வருகிறார். ஞாயிறு காலையில் எண்ணைப் படித்துச் சொல்வது மட்டுமே என் வேலை. அவர் அறையில் விசிறி சுழல்கிறது.