அப்டேட் முடிந்தது, மெஷின் திறக்கவில்லை

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்தியது. ஆனால் எக்ஸ்பியில் மட்டுமே வேலை செய்யும் ஸ்கேனர்களும் கணக்கு மென்பொருள்களும் இன்னும் உயிரோடிருக்கின்றன. அவற்றைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள், புதிய கணினிக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினை உருவாக்கி அதில் எக்ஸ்பியைக் குடிவைக்கிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் போன்றவை இதற்கென்றே இருக்கின்றன. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது, ‘புதிய பதிப்பு தயார்’ என்று ஒரு பெட்டி எட்டிப்பார்க்கும். நம்பி அழுத்தினால், பல நேரம் அன்றைய பொழுது அதோடு போயிற்று.

வீடியோ பிளேயரை அப்டேட் செய்தால் இந்தத் தொல்லை வருவதில்லையே? வீடியோ பிளேயர் தனக்கு வேண்டியதை இயங்குதளத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். விர்ச்சுவல் மெஷின் மென்பொருளுக்கு அது போதாது. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் தன் டிரைவரை நுழைத்து, பிராசசரின் உச்ச அதிகாரத்தையே கையில் எடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு பிராசசர் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கணினி ஆய்வாளர்களான ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் 1974-லேயே வரையறுத்துவிட்டார்கள். பின்னால் வந்த இன்டெல் பிராசசர்கள் அந்த இலக்கணத்துக்கு அடங்கவில்லை. அதிகாரமில்லாத நிரல் சில கட்டளைகளைக் கொடுத்தால், பிழை என்று கத்தாமல் கமுக்கமாகப் பாதியை விழுங்கிவிடும். 1999-இல் வந்த விஎம்வேர், அப்படிப்பட்ட கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. 2005-இல் இன்டெல்லும் அடுத்த ஆண்டு ஏஎம்டியும் விர்ச்சுவல் மெஷினுக்கு வேண்டிய வசதியைச் சில்லுக்குள்ளேயே வைத்தன. விர்ச்சுவல்பாக்ஸ் 2019 டிசம்பரில் வெளியிட்ட 6.1 பதிப்பில் பழைய மென்பொருள் முறையைக் கைகழுவியது. வசதி இல்லாத பழைய பிராசசர் வைத்திருந்தவர்களுக்கு அந்த அப்டேட்டே முற்றுப்புள்ளி.

வசதி இருந்தாலும் ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது. விண்டோஸ் 11 புதிதாக நிறுவப்படும் பல கணினிகளில், ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு அம்சம் தானாகவே இயங்குகிறது. அதற்கு அடியில் இருப்பது மைக்ரோசாஃப்டின் சொந்த விர்ச்சுவல் மெஷின் மென்பொருளான ஹைப்பர்-வி. அது முதலில் இடம் பிடித்துவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில்தான் ஓட வேண்டும். அப்போது ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமை படம் தெரியும். வேகம் குறைந்திருக்கிறது என்பதை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்ளும் மென்பொருள் வேறொன்றை நான் பார்த்ததில்லை. லினக்ஸிலும் இதே சண்டை உண்டு. முன்பெல்லாம் அதன் சொந்த விர்ச்சுவல் மெஷின் ஏற்பாடான கேவிஎம், ஒரு மெஷினைத் தொடங்கும்போதுதான் பிராசசரைப் பிடிக்கும். 2024-இல் வந்த 6.12 கெர்னலிலிருந்து, கேவிஎம் ஏற்றப்பட்டவுடனேயே பிடித்துக்கொள்கிறது. பயனர் செய்தது கெர்னல் அப்டேட் மட்டும், படுத்துக்கொண்டது விர்ச்சுவல்பாக்ஸ்.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது ‘சேவ்டு ஸ்டேட்’. மெஷினை ஷட்டவுன் செய்யாமல் அப்படியே உறையவைத்து மூடும் வசதி இது. அந்தக் கோப்பில் மெமரியில் இருந்ததெல்லாம் இருக்கும். கூடவே போலி நெட்வொர்க் கார்டு, போலி டைமர், போலி சவுண்ட் கார்டு ஒவ்வொன்றும் அந்த நொடியில் எந்த நிலையில் இருந்தது என்ற குறிப்பும் இருக்கும். புதிய பதிப்பில் நெட்வொர்க் கார்டின் உள்ளமைப்பைச் சற்று மாற்றியிருந்தால், பழைய குறிப்பை அதனால் படிக்க முடியாமல் போகலாம். உள்ளே இருக்கும் எக்ஸ்பியோ கார்டு பழையபடியே இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். கடைசியில், சேவ்டு ஸ்டேட்டை அழிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அழிப்பதும் ஓடும் கணினியின் பிளக்கைப் பிடுங்குவதும் ஒன்றுதான். வட்டில் சேமித்தவை பெரும்பாலும் தப்பிக்கும். திறந்து வைத்திருந்த, சேமிக்காத வேலை போனதுதான்.

அப்டேட்டுக்கு முன் மெஷினை முறையாக ஷட்டவுன் செய்தால் இந்த இழப்பு வராது. அப்டேட் செய்யச் சொல்லும் பெட்டியிலேயே இந்த ஒரு வரியைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்றால் அங்கும் ஒரு முட்டுக்கட்டை. மெஷினின் அமைப்புக் கோப்பைப் புதிய பதிப்பு தன் வடிவத்தில் மாற்றி எழுதியிருந்தால், பழையது அதைத் திறக்க மறுக்கும். அதனால் ஷட்டவுன் செய்த கையோடு, வட்டுக் கோப்பும் அமைப்புக் கோப்பும் அடங்கிய முழு ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிட்டு அப்டேட் பொத்தானுக்குப் போகலாம்.